மார்க்கண்டு அத்தானிடம் கேட்கக்கூடாத கேள்வி

என் அக்காவின் கணவர் மார்க்கண்டு வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் தான் ஓட்டிய தூரத்தை ஒரே வீதியாக நீட்டிப் போட்டால் உலகத்தைச் சுற்றி வந்து மிச்சமும் இருக்கும் என்று சொல்லுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு உலகத்தில் பிடிக்காத கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எங்கை போறியள்?"

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் வெளிக்கிடுகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்பது சகுனப் பிழை. போகிற காரியம் கெட்டுவிடும். ஆகவே நாகரிகம் தெரிந்தவர்கள் "தூரத்துக்கோ?" என்று கேட்பார்கள். "ஓம், கொஞ்சம் தூரம்" என்றோ, "இல்லை, உங்கை கிட்டத்தான்" என்றோ பதில் வரும். கேட்டவருக்கும் திருப்தி, போகிறவருக்கும் திருப்தி. ஆனால் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில் இன்றைக்கும் பாதிப்பேர் இப்படித்தான். அத்தானோ இதைச் சட்டமாகவே வைத்திருந்தார். யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் நின்ற இடத்திலேயே திரும்புவார். வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாக வெளிக்கிடுவார். தாலி கட்டி முடிந்து பந்தியும் எழும்பிய பிறகு அவர் போய்ச் சேர்ந்த கலியாண வீடுகள் பல.

இப்படிப்பட்டவர் பஸ் றைவராக எப்படிக் காலம் தள்ளினார் என்று நீங்கள் யோசிக்கலாம். நானும் யோசித்திருக்கிறேன். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர் எழுதிய பலகை இருக்கும். இருந்தாலும் எங்கள் சனம் றைவரின் யன்னலுக்குக் கீழே வந்து நின்று, "அண்ணை, எங்கை போகுது?" என்றுதான் கேட்கும். அத்தான் காது கேளாதவர் மாதிரி நேரே பார்த்தபடி இருப்பார். கொண்டக்டர்தான் பின் கதவிலிருந்து தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

"பஸ் எங்கை போகுதெண்டு கேக்கலாம். நான் எங்கை போறனெண்டு கேக்கக் கூடாது" என்பது அத்தானின் விளக்கம். பஸ்ஸை ஓட்டுவதே நீங்கள்தானே என்று கேட்டேன். "விசர்க்கதை கதையாதை, தேவன்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சண்டையில் செல் விழுந்த காலத்திலும் ஓட்டியவர், வெள்ளத்திலும் ஓட்டியவர், அவருடைய சில்லில் ஒரு கோழி கூட அடிபட்டதில்லை. சகுனம் பார்த்தபடியால் என்று அவர் சொல்லுவார். கவனமாக ஓட்டியபடியால் என்று நான் சொல்லுவேன். இந்த வழக்கு எங்கள் இருவருக்கும் இடையில் இன்னும் தீரவில்லை.

ஓய்வு பெற்ற கையோடு அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்தது. நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னார். இருந்தபடியே உலகத்தைச் சுற்றிய மனிதர் அப்போதுதான் நடக்கத் தொடங்கினார். முதலில் ஒழுங்கை முடியும் மட்டும். பிறகு தோட்ட வெளி. பிறகு அதுவும் அலுத்துவிட்டது. "ஒரே வெங்காயத்தையும் மரவள்ளியையும் எவ்வளவு நாளைக்குப் பாத்துக்கொண்டு நடக்கிறது?" என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். பஸ் ஏறிப் போய், இறங்கி, புது இடங்களில் நடந்துவிட்டு வருவார். எங்கே போனார் என்பது திரும்பி வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போதுதான் எங்களுக்குத் தெரியவரும்.

அந்த ஆனி மாதத்துக் காலையில் சோளகக் காற்று பிடித்து வீசிக்கொண்டிருந்தது. நான் பக்கத்து வளவுக்காரன் என்ற உரிமையில் அக்கா வீட்டு விறாந்தையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அத்தான் வெள்ளைச் சேட்டும் குடையுமாக வந்தார்.

"தூரத்துக்கோ, அத்தான்?" என்றேன்.

"ஓம், கொஞ்சம் தூரம்" என்றார்.

அக்கா குணலட்சுமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இஞ்சாருங்கோ, புட்டு அவியுது. சாப்பிட்டிட்டுப் போங்கோவன்."

"சீனிக் குளிசை போட்டாச்சு. வழியிலை கடையிலை சாப்பிடுறன்" என்று சொல்லிக்கொண்டே படலையைத் திறந்தார்.

போனவர் போன வேகத்திலேயே திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது. கதிரையில் தொப்பென்று இருந்தார். எங்களுக்கு விளங்கிவிட்டது. அக்கா ஒன்றும் கேட்காமல் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"ரீச்சர் கேட்டுப்போட்டா" என்றார் அத்தான்.

ஒழுங்கை முகப்பு வீட்டில் இருக்கும் நேசமலர் ரீச்சரைத்தான் சொன்னார். மெதடிஸ்த சபைக்காரி. கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். காலையில் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பார். எங்கள் சகுனமெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்பார். தெரிய வேண்டியதைக் கேட்பதற்கு எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. வழக்கமாக அத்தான் அந்தப் படலையைக் கடக்கும்போது குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு போவார். அன்றைக்குக் காற்று குடையை விரிக்க விடவில்லை.

வெறும் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று அக்கா ஒரு துண்டு பனங்கட்டியும் கொடுத்தார். அத்தான் ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தைக் கடதாசியில் சுற்றிச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார். புட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருக்கவில்லை. திரும்பவும் வெளிக்கிட்டார்.

மத்தியானம் வந்தது, அத்தான் வரவில்லை. அக்கா போன் எடுத்தார். அது அறைக்குள்ளிருந்து அடித்தது. சார்ஜில் போட்டபடியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"வந்திடுவார்" என்றேன்.

"குளிசையைப் போட்டிட்டுச் சாப்பிடாமல் போனவர்" என்றார் அக்கா.

கடையில் சாப்பிட்டிருப்பார் என்று நான் சொல்லவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் அதை நம்பமாட்டார்கள். பஸ் கண்ணில் பட்டால் கடையை மறந்துவிடுகிற மனிதர். ஒருதடவை இப்படித்தான் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் திருவிழாவுக்குப் போய், சீனி இறங்கிக் கோயில் வீதியில் விழுந்தார். அன்றைக்குச் சுற்றிவர சனம் இருந்தது. இன்றைக்குச் சனமில்லாத இடத்தில் விழுந்திருந்தால் எழுப்ப யார் இருப்பார்கள் என்பதை அக்காவும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். சந்திக் கடைப் பரமலிங்கம் அவரைக் கண்டிருந்தார்.

"காலமை கண்டனான். தூரத்துக்கோ எண்டு கேட்டன். ஓம் எண்டவர்."

"எந்தப் பக்கத்துப் பஸ் ஏறினவர்?"

"அதை எப்பிடித் தேவராசா கேக்கிறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பஸ் தரிப்பில் வெற்றிலை விற்கிற சின்னாச்சியும் கண்டிருந்தார். "தூரத்துக்கோ எண்டன், ராசா. சிரிச்சுக்கொண்டு ஓமெண்டார்." வாசிகசாலையில் ஒருவர் கண்டிருந்தார். அவரும் தூரத்துக்கோ என்றுதான் கேட்டிருந்தார். ஊர் முழுக்க அத்தானைக் கண்டிருக்கிறது, ஊர் முழுக்க மரியாதையாகக் கதைத்திருக்கிறது, அவர் எங்கே போனார் என்பது மட்டும் ஒரு பிராணிக்கும் தெரியாது. எங்கள் ஊரின் நாகரிகத்தின் மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் சைக்கிளைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறியலாம் போல இருந்தது. பொலிசுக்குப் போனால் எங்கே தேடுவது என்று கேட்பார்கள். அதுவும் அதே கேள்விதான். தூரத்துக்கு என்று அவர்களிடம் சொல்ல முடியுமா?

வெறுங்கையோடு திரும்பி வந்த என்னைக் கண்டதும் அக்கா அழத் தொடங்கினார். அழுது முடிய அவருக்குக் கோபம் வந்தது.

"எல்லாம் அந்த மனுசியாலைதான். வெளிக்கிட்டுப் போன மனுசனை மறிச்சு எங்கை எண்டு கேட்டவ அவதானே? இண்டைக்கு அவவை விடமாட்டன்."

தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு அக்கா ஒழுங்கையில் இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். இந்த நேரத்தில் சண்டை எதற்கு என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. ரீச்சரின் படலையைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டே உள்ளே போனார்.

"ரீச்சர், உங்களுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பம்? காலமை என்ரை மனுசனை எங்கை எண்டு கேட்டனீங்களோ இல்லையோ?"

ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கேட்டனான். ஏன், என்ன நடந்தது?"

"மனுசன் இன்னும் வரேல்லை! போன இடம் தெரியேல்லை! நீங்கள் வாய் வைச்சதாலைதான்..."

"போன இடம் தெரியாதோ?" என்று ரீச்சர் எழும்பினார். "மணற்காட்டுக்கெல்லே போனவர்."

"மணற்காட்டுக்கோ?" என்றேன் நான்.

"எங்கை போறியள், மார்க்கண்டு அண்ணை எண்டு கேட்டன். அவருக்குக் கோவம் வந்திட்டுது. 'மணற்காட்டுச் சவுக்கங்காட்டுக்குள்ளை நடக்கப் போறன். இப்ப திருப்தியே?' எண்டு என்னைப் பேசிப்போட்டுத் திரும்பிப் போனவர். உங்களுக்குச் சொல்லாமலே போனவர்?"

அக்கா அப்படியே ரீச்சரின் கையைப் பிடித்தார். சண்டை பிடிக்க வந்த கை அது. அத்தான் சாப்பிடாமல் போனதை நான் சொன்னேன். ரீச்சர் உடனே உள்ளே போய், பிளாஸ்கில் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணீரோடு வந்தார். "ஜெயசுதன்ரை ஆட்டோ நிக்குது. வாங்கோ போவம். குணலட்சுமி, நீங்கள் போனோடை வீட்டிலை நில்லுங்கோ. ஒருவேளை வந்தாலும் வருவார்."

வல்லை வெளியில் சோளகம் ஆட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது. எனக்கு அந்தச் சவுக்கங்காடு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடைசிச் சில வருடங்கள் அத்தான் பருத்தித்துறையிலிருந்து வடமராட்சி கிழக்குப் பக்கம் ஓட்டியவர். கடற்கரையோரத்து மணலில் பச்சையாக ஒரு காடு நிற்கிறது என்றும், ஒருநாளும் இறங்கிப் பார்க்கக் கிடைக்கவில்லை என்றும் எப்போதோ சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மணற்காடு என்ற அந்த மீனவ ஊரில் படகடியில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பிறேம் என்பவரிடம் விசாரித்தோம்.

"வெள்ளைச் சேட்டு, குடை. காலமை உதாலை உள்ளுக்குப் போனவர். திரும்பி வந்ததைக் காணேல்லை."

"எந்தப் பக்கம் போறாரெண்டு கேக்கேல்லையோ?" என்றேன்.

"நாங்கள் கடலுக்குப் போற ஆக்கள், அண்ணை. வெளிக்கிட்டவனை எங்கை எண்டு கேக்கிறேல்லை" என்றார் அவர். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் பிறேம் நல்ல மனிதர். வலையை அப்படியே போட்டுவிட்டு இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு எங்களோடு வந்தார். "புது ஆக்கள் உதுக்குள்ளை தனியப் போறது சரியில்லை. எல்லா மரமும் ஒரே மாதிரி நிக்கும். மத்தியானத்திலை நிழலும் வழி சொல்லாது" என்றார்.

உள்ளே நுழைந்த பிறகுதான் அவர் சொன்னது எனக்கு விளங்கியது. காலடியில் சவுக்கஞ்சருகு மெத்தையாகக் கிடந்தது, நடந்த தடமே விழவில்லை. தலைக்கு மேலே காற்று இரைந்தது. அந்த இரைச்சல் கடல் இரைச்சலேதான். முன்னாலும் கடல், பின்னாலும் கடல். "அத்தான்!" என்று கத்தினேன். என் குரல் என் காதுக்கே எட்டவில்லை.

ரீச்சர் வகுப்பை நடத்துகிற மாதிரி எங்களை நடத்தினார். "ஒருத்தரும் தனியத் தனியப் போகாதேங்கோ. பக்கத்து ஆளைக் கண்ணாலை காணுற தூரத்திலை நிரையா வாங்கோ. ஜெயசுதன், நீர் ரோட்டிலையே நிண்டு ஹோர்ன் அடியும். விட்டு விட்டு அடியும். பஸ் ஓடின மனுசனுக்கு வேறை எது கேக்காட்டிலும் ஹோர்ன் கேக்கும்."

ஆட்டோ அழத் தொடங்கியது. நாங்கள் நிரையாக நடந்தோம். என் மனம் எங்கெங்கோ போனது. அக்காவிடம் என்ன சொல்லப் போகிறேன் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன் என்றால் பாருங்கள். அவரோடு தீராத வழக்கு அப்படியே நின்றுவிடுமோ என்று பயந்தேன். அவர் வெல்லட்டும், வந்தால் போதும் என்று நல்லூர்க் கந்தனுக்குச் சொன்னேன்.

"அங்கை வெள்ளையா என்னவோ ஆடுது" என்றார் பிறேம்.

தாழ்ந்த கொப்பொன்றில் அத்தானின் சேட்டு காற்றில் அடித்துக்கொண்டு நின்றது. அதன் கீழே பெனியனோடு, மரத்தில் சாய்ந்தபடி, ஒரு காலை நீட்டிக்கொண்டு அத்தான் இருந்தார். எங்களைக் கண்டதும் கையை உயர்த்தினார்.

"மெல்ல வாங்கோ, வேர் தடக்கும்" என்றார்.

நான் அப்படியே மணலில் இருந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்பாடா என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் எனக்கு முழு அர்த்தம் தெரிந்தது.

நடந்தது இதுதான். காட்டுக்குள் நடக்க நடக்க அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வெங்காயமுமில்லை, மரவள்ளியுமில்லை. திரும்ப நினைத்தபோது கடல் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கரைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டார். சத்தத்தை நோக்கி நடந்தார், கரை வரவில்லை. சத்தம் வேறு பக்கம் கேட்டது, அந்தப் பக்கம் நடந்தார். கடைசியில் வேரில் கால் தடக்கி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டத் தொடங்கியது. சீனி இறங்குகிறது என்று தெரிந்தது. சேட்டுப் பைக்குள் கை போனது. மிச்சப் பனங்கட்டி இருந்தது. தின்றார், கண் தெளிந்தது.

"பஸ் பழுதாப் போனா றைவர் பஸ்ஸை விட்டிட்டு நடக்கக் கூடாது. தேடி வாறவன் பஸ்ஸைத்தான் தேடுவான். அதாலை உதிலையே இருந்திட்டன். சேட்டைக் கழட்டிக் கொழுவினன். பிறகு ஒரு ஹோர்ன் கேட்டுது. ரோட்டு இந்தப் பக்கம் எண்டு அப்பதான் தெரிஞ்சுது" என்றார். ரீச்சர் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் இஞ்சை இருக்கிறன் எண்டு எப்பிடித் தெரியும், ரீச்சர்?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அது ஏச்சுக்குச் சொன்னது."

"ஏச்சோ என்னவோ, விலாசம் சரியா இருந்தது" என்றார் ரீச்சர்.

அத்தான் குடையை ஊன்றிக்கொண்டு எழும்பினார். பிறேம் அவரைத் தோளில் தாங்கிக் கூட்டிவந்தார். நான் அக்காவுக்குப் போன் எடுத்தேன். இருக்கிறார், கால் மட்டும் கொஞ்சம் வீக்கம், பசிக்குதாம் என்றேன். அந்தப் பக்கத்தில் வெகுநேரம் விம்மல்தான் கேட்டது.

"காலமைப் புட்டு இருக்கெண்டு சொல்லு" என்றார் அக்கா கடைசியில்.

கால் ஆறியதும் அத்தான் திரும்பவும் நடக்கத் தொடங்கிவிட்டார். அதுவும் அதே சவுக்கங்காட்டுக்குத்தான். அக்கா மறிக்கவில்லை. போன், தண்ணீர்ப் போத்தல், சாப்பாடு, பனங்கட்டி எல்லாம் பையில் வைத்துக் கொடுப்பார். இனிமேல் எங்கே என்று கேட்டே அனுப்புவது என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்திருந்தோம். முதல் நாள் அக்கா படலையடியில் நின்று வாயைத் திறந்தார். எவ்வளவு முக்கியும் அந்தச் சொல் வரவில்லை. "தூரத்துக்கோ?" என்றுதான் வந்தது. நான் முயன்றேன், எனக்கும் அதேதான். அத்தானுக்கோ யாரும் கேளாமல் தானாகச் சொல்ல நாக்கு எழவில்லை.

அத்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒழுங்கையில் நடந்தார். ரீச்சரின் படலையடியில் போய் நின்றார். குடை மடித்தபடியே கையில் இருந்தது. ரீச்சர் பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், வேண்டுமென்றே திரும்பிப் பார்க்கவில்லை.

"ரீச்சர்" என்றார் அத்தான். "கேளுங்கோ."

ரீச்சர் வாளியைக் கீழே வைத்தார். "எங்கை போறியள், மார்க்கண்டு அண்ணை?"

"மணற்காட்டுச் சவுக்கங்காட்டுக்கு. பிறேம் வீட்டடியாலை உள்ளுக்குப் போய், அதாலையே திரும்பி வருவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டை நிப்பன்." ஒழுங்கை முழுவதும் கேட்கிற மாதிரிச் சொன்னார். பஸ்ஸின் பின் கதவிலிருந்து கொண்டக்டர் கத்துகிற அதே குரல்.

சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி வீட்டுக்கு வந்தார். கேட்டது கேட்டதுதானே. அக்கா ஏற்கெனவே செம்பில் தண்ணீரோடு நின்றார். அத்தான் கதிரையில் இருந்து நிதானமாகக் குடித்து முடித்தார். "போட்டு வாறன்" என்று எழும்பிப் புதிதாக வெளிக்கிட்டார். நடக்கப் போகிற நாளெல்லாம் இன்றுவரை இப்படித்தான்.